உறங்கா இரவுகளின் மேதை இப்னு சீனா

கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரையிலும் பரந்துள்ள தோட்டங்களில் வாழ்ந்து பழகியவர்களுக்குக் கண்விழிப்பின் கடுமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் நம் பெற்றோரும் பாட்டன்மாரும் கோழி கூவுமுன் எழுந்து, இருட்டிலேயே பெரட்டுக்கு நின்றார்கள். வெயில் ஏறுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் தாராளமாக வடியும் என்பதே அதன் காரணம். 1917 ஆம் ஆண்டில், அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரையடுத்த தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் செம்பனை வாணிபப் பயிர் தொடங்கியது. வெட்டிய செம்பனைக் குலை நெடுநேரம் காத்திருக்காது. தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஆகவே விளைச்சல் மிகுந்த மாதங்களில் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றுடன் தொழிலாளர்களும் லோரி ஓட்டிகளும் விழித்திருக்கின்றனர். நம் சமுதாயத்தார் நடத்தும் உணவகங்களிலும் பல 24 மணி நேரமும் திறந்திருப்பவை. தேநீர் ஆற்றும் கை நள்ளிரவிலும் ஓய்வதில்லை.

இத்தகைய சூழலில், தூங்காதவனே உழைப்பாளி, தூங்குகிறவன் சோம்பேறி என்னும் எண்ணம் வேரூன்றுவதில் வியப்பில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரியோர்கள், இரவெல்லாம் கண்விழித்துக் கற்ற மேதைகளை எடுத்துக்காட்டாகக் கூறுவர். அந்த வரிசையில் முன்னே நிற்கும் பெயர் இப்னு சீனா. மேலைநாட்டார் அவரை அவிசென்னா என்பர். அவர் கண்விழித்துக் கற்றது மெய்தான். ஆயினும் அவருடைய சரித்திரத்தில் பாதியை மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். மறுபாதியையும் சேர்த்து அறிவது, இரவு வேலை செய்யும் நம் மக்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மிகவும் அவசியம் எனக் கருதி, அன்னாரின் வரலாற்றை இங்கே சுருக்கித் தருகிறோம்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு சீனா ஹிஜ்ரி 370 இல், அதாவது கி.பி. 980 இல், புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்றைய உஸ்பெகிஸ்தான் நாட்டைச் சேர்ந்தது. தந்தை அப்துல்லாஹ், பல்கு நகரிலிருந்து வந்து ஸாமானிய மன்னர்களிடம் அதிகாரியாக இருந்தவர். தாயார் பெயர் ஸித்தாரா. பின்னர் குடும்பம் புகாராவுக்கே குடிபெயர்ந்தது.

பத்து வயது நிரம்புமுன் திருக்குர்ஆனையும் இலக்கியங்களையும் அவர் கற்று முடித்தார். தந்தையார் அவரைக் காய்கறி விற்கும் ஒருவரிடம் கணக்குக் கற்க அனுப்பினார். அந்த வியாபாரி அறிந்திருந்தது இந்தியக் கணக்கு முறை. பாரதத்தில் பிறந்த எண்கள் ஒரு காய்கறிக் கடையின் வழியாக உலகம் போற்றும் ஒரு மேதையைச் சென்றடைந்தன என்பதைக் கடைத்தெருவில் வாழ்வு நடத்தும் நாம் எண்ணி மகிழலாம். மார்க்கச் சட்டத்தை இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்னும் பெரியாரிடம் பயின்றார். தர்க்கத்தையும் யூக்ளிட்டின் க்ஷேத்திர கணிதத்தையும் நாத்திலீ என்பவரிடம் தொடங்கினார். சிறிது காலத்தில் ஆசிரியர் அறியாதவற்றையும் மாணவர் தாமே கண்டுகொள்ளும் நிலை ஏற்பட்டது. வைத்திய நூல்களை ஆசிரியரின்றியே படித்தார். 16 வயதில், தேர்ந்த வைத்தியர்களே அவரிடம் வந்து பாடம் கேட்டனர்.

ஒன்றரை ஆண்டுக் கண்விழிப்பு

அதன் பிறகுதான் புகழ்பெற்ற அந்த ஒன்றரை ஆண்டுக் காலம் வருகிறது. தர்க்கத்தையும் தத்துவத்தின் எல்லாப் பிரிவுகளையும் மீண்டும் முதலிலிருந்து படிக்க அவர் முனைந்தார். அக்காலத்தில் ஓர் இரவைக்கூட முழுமையாகத் தூங்கிக் கழித்ததில்லை என்றும், பகலில் படிப்பைத் தவிர வேறொன்றிலும் ஈடுபட்டதில்லை என்றும் தம் வரலாற்றைத் தாமே சொல்லி எழுதுவித்தபோது குறிப்பிட்டுள்ளார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழு இரவும் தூங்கவில்லை என்றாரேயன்றி, தூங்கவேயில்லை என்று அவர் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு விடை புலப்படாவிட்டால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, படைத்தவனிடம் முறையிடுவார். பிறகு வீடு திரும்பி, விளக்கை முன்னே வைத்துக்கொண்டு படிப்பதும் எழுதுவதுமாக இருப்பார். தூக்கம் மேலிட்டாலோ உடல் தளர்ந்தாலோ ஒரு கிண்ணம் மது அருந்தித் தெம்பு வருவித்துக்கொண்டு மறுபடி அமர்வார். இந்தப் பழக்கத்தை மார்க்கம் ஒப்பாது என்பதை நாம் மறைக்கவும் வேண்டுவதில்லை, மெச்சவும் வேண்டுவதில்லை. இவ்வாறு போராடியும் தூக்கம் அவரை வென்றுவிடும் நேரங்கள் இருந்தன. அப்போது, விழித்திருந்தபோது குழப்பிய அதே கேள்விகளை அவர் கனவில் காண்பார். அவற்றுள் பல, தூக்கத்திலேயே தெளிவாகிவிட்டன என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதுதான் நாம் சொல்லாமல் விட்டுவரும் மறுபாதி. விழிப்பில் சேர்த்த சரக்கைத் தூக்கம்தான் அவருக்கு வகைப்படுத்திக் கொடுத்தது. கற்றவற்றை மனத்தில் நிலைபெறச் செய்வது உறக்கமே என்று இன்றைய விஞ்ஞானிகள் ஆராய்ந்து கூறுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, புகாராவின் ஓர் இளைஞர் அதை அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

விழித்திருந்து படிப்பதால் மட்டும் எல்லாம் விளங்கிவிடாது என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. அரிஸ்டாட்டிலின் தத்துவ நூலொன்றை 40 முறை படித்து மனப்பாடமே செய்துவிட்டார். பொருள் மட்டும் விளங்கவில்லை. ஒருநாள் பிற்பகல் புத்தகக் கடைத்தெருவில், தரகர் ஒருவர் வற்புறுத்தியதால் மூன்று திர்ஹம் கொடுத்து ஒரு நூலை வாங்கினார். அது அல்ஃபாராபி எழுதிய விளக்கம். அதைப் படித்ததும் நெடுநாள் இருள் நீங்கியது. மறுநாள் ஏழைகளுக்குத் தாராளமாகத் தர்மம் செய்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார். நாற்பது முறை முட்டியும் திறவாத கதவை, தக்க வழிகாட்டி ஒருவர் எளிதில் திறந்துவிட்டார்.

அரண்மனையும் அலைச்சலும்

17 வயதில், நோயுற்ற ஸாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்சூருக்குச் சிகிச்சை செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அதன் பயனாக அரண்மனை நூலகத்தைப் பார்வையிட அனுமதி கிடைத்தது. அறை அறையாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்த நூல்களை வேட்கையோடு படித்தார். 18 வயதில் அக்காலக் கலைகள் அனைத்தையும் முடித்துவிட்டார்.

அதன்பின் அமைதி இல்லை. 999 ஆம் ஆண்டில் ஸாமானிய ஆட்சி வீழ்ந்தது. தந்தையாரும் காலமானார். பிழைப்பை நாடிக் குர்கன்ஜ் சென்றார். அங்கிருந்தும் கிளம்பி ஊர் ஊராக அலைந்தார். காபூஸ் என்னும் அரசரிடம் ஆதரவு பெறலாமென்று புறப்பட்டால், போய்ச் சேருமுன் அவ்வரசர் சிறைப்பட்டு மாண்டுவிட்டார். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த முன்னோரின் வழிவந்த நமக்கு இந்த அலைச்சலின் வருத்தம் நன்கு விளங்கும். ஜுர்ஜான் நகரில் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானி என்ற மாணவர் வந்து சேர்ந்தார். கடைசி நாள்வரை உடனிருந்து, ஆசிரியரின் வரலாற்றை எழுதி முடித்தவர் இவரே.

ஹமதான் நகரின் அமீர் ஷம்சுத் தவ்லாவின் வயிற்றுவலியைக் குணப்படுத்தியதால் அவருடைய நட்பைப் பெற்று, பின்னர் மந்திரியுமானார். படைவீரர்கள் கலகம் செய்து வீட்டைச் சூறையாடினர். 40 நாள் ஒரு நண்பர் வீட்டில் ஒளிந்திருந்தார். அமீருக்கு மறுபடி வலி வரவே, மன்னிப்புக் கோரி மீண்டும் மந்திரியாக்கினார்கள்.

அந்நாட்களில் பகல் முழுவதும் அரசாங்க வேலை. ஆகவே பாடம் இரவில்தான். ஒரு மாணவர் ஷிஃபா என்னும் தத்துவப் பெருநூலிலிருந்தும், மற்றொருவர் கானூன் என்னும் வைத்தியப் பெருநூலிலிருந்தும் முறைவைத்துப் படிப்பார்கள். பாடம் முடிந்ததும் கேளிக்கையும் பானமும் இருந்தன என்று மாணவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பகலை அரசும் இரவை நூலும் நண்பர்களும் எடுத்துக்கொண்டால் உடலுக்கு எஞ்சியது என்ன என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

1021 இல் அமீர் இறந்தார். இப்னு சீனா ஒரு மருந்துக்கடைக்காரரின் வீட்டில் மறைந்திருந்து, கையில் நூல் எதுவுமின்றி நினைவிலிருந்தே ஷிஃபாவின் தலைப்புகளை எழுதி, பிறகு நாளொன்றுக்கு 50 ஏடுகள் வீதம் எழுதிச் சென்றார். இறுதியில் பிடிபட்டு, ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். அங்கே அவர் எழுதிய கதைகளில் ஒன்றின் பெயர் ஹய்யு இப்னு யக்ளான். உயிருள்ளவன், விழித்திருப்பவனின் மைந்தன் என்பது அதன் பொருள். சிறையில் அடைபட்டவர் எழுதிய நூலுக்கு விழிப்பே பெயராயிற்று. அவர் அங்கே கருதிய விழிப்பு கண்ணின் விழிப்பன்று, அறிவின் விழிப்பு.

ஒரே இரவில் ஐம்பது ஏடுகள்

விடுதலைக்குப் பின் சூஃபிகளைப் போல் உடுத்து, தம்பியுடனும் ஜூஸ்ஜானியுடனும் இஸ்ஃபஹான் சென்றார். அங்கே அமீர் அலாவுத் தவ்லா அவரைக் கண்ணியத்துடன் வரவேற்றார். அவ்வூரில் நிகழ்ந்த ஒன்றை ஜூஸ்ஜானி வியந்து எழுதுகிறார். ஷீராஸ் நகரத்து அறிஞர்கள், இப்னு சீனாவின் தர்க்க நூலில் தங்களுக்கு எழுந்த ஐயங்களை எழுதி ஒரு தூதர் மூலம் அனுப்பியிருந்தார்கள். கோடைக்கால மாலையொன்றில் அந்தக் கடிதம் அவர் கைக்கு வந்தது. இஷாத் தொழுகைக்குப் பின் விளக்கை வருவித்துக் காகிதம் கேட்டார். பத்துப் பத்து ஏடுகள் கொண்ட ஐந்து கட்டுகளை மாணவர் தைத்துக் கொடுத்தார். நள்ளிரவு நெருங்கியதும் உடனிருந்தவர்களுக்குக் கண் சொருகியது; அவர்களைப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டார். காலையில் மாணவர் அழைக்கப்பட்டு வந்து பார்த்தபோது ஆசிரியர் தொழுகை விரிப்பில் அமர்ந்திருந்தார். ஐம்பது ஏடுகளும் எழுதி நிரப்பப்பட்டு எதிரே இருந்தன. தூதரைக் காக்க வைக்கலாகாது என்பதற்காகவே விரைந்து முடித்தாராம்.

இது பெருமைக்குரிய கண்விழிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் தாம் விழித்திருந்தபோது பிறரையும் விழித்திருக்கும்படி அவர் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் நாம் சேர்த்து நினைக்க வேண்டும். இரவுக் கடை நடத்தும் முதலாளிமார் இதைச் சிந்திப்பார்களாக.

வைத்தியர் வகுத்த விதி

கானூன் ஐந்து பாகங்களைக் கொண்டது. 12 ஆம் நூற்றாண்டில் தொலேடோ நகரில் லத்தீன் மொழிக்கு மாற்றப்பட்டது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17 ஆம் நூற்றாண்டு வரை பாடநூலாக விளங்கியது. நம் நாட்டு யூனானி ஹகீம்களுக்கும் அதுவே மூலநூல்.

மனிதன் உயிர்வாழ இன்றியமையாத ஆறு காரியங்களை அந்நூல் வகுக்கிறது. காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவதும் தங்குவதும் என்பவையே அவை. உணவுக்கும் காற்றுக்கும் ஒப்பான இடத்தில் உறக்கத்தை வைத்தார் அந்த உறங்காத மனிதர். அளவான உறக்கம் செரிமானத்துக்குத் துணைசெய்து சக்தியை மீட்டுத் தருகிறது என்றும், அளவுமீறிய விழிப்பு மூளையை வறளச் செய்து பலவீனப்படுத்தி, அறிவைக் கலக்கி, கடும் நோய்களை விளைக்கிறது என்றும் எழுதினார். அளவுமீறிய உறக்கமும் மந்தத்தையே தரும் என்று மறுபுறத்தையும் சொல்லி வைத்தார்.

விதியை வகுத்தவர் தாம் அதைக் கைக்கொண்டாரா? இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. உடற்கட்டு வலிமையாயிருந்ததால் எதையும் தாங்கும் என நம்பி, ஆசிரியர் தம் உடலைப் பேணாமல் விட்டார் என்று ஜூஸ்ஜானியே வருந்துகிறார். வயிற்றுவலி பிடித்தது. படையெடுப்பில் அமீருடன் செல்ல வேண்டியிருந்ததால், விரைவில் குணமாக வேண்டுமென்று ஒரே நாளில் எட்டு முறை தமக்குத் தாமே எனிமா செய்துகொண்டார். குடல் புண்ணாயிற்று. சற்றுத் தேறுவதும் மறுபடி விழுவதுமாக இருந்தார். கடைசியில் ஹமதான் வந்தபோது, உடலை ஆளும் சக்தி ஓய்ந்துவிட்டது, இனி மருந்து பயன்படாது என்று அந்தப் பெரிய வைத்தியரே உணர்ந்து சிகிச்சையை நிறுத்தினார். தௌபா செய்தார். செல்வத்தை ஏழைகளுக்கு வழங்கினார். அடிமைகளை விடுவித்தார். மூன்று நாளுக்கு ஒருமுறை திருக்குர்ஆனை ஓதி முடித்தார். ஹிஜ்ரி 428, ரமலான் மாதத்தில், கி.பி. 1037 ஜூனில், 57 வயதில் வபாத்தானார். ஹமதானில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. இப்போதுள்ள நினைவு மண்டபம் 1950களில் எழுப்பப்பட்டது.

இன்றைய ஆராய்ச்சி

அவர் எழுதியதை இக்கால ஆராய்ச்சிகள் வேறு மொழியில் உறுதி செய்கின்றன. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள், தூங்காமலிருந்து காட்டினார். நாட்கள் செல்லச் செல்ல எரிச்சலும் மறதியும் பேச்சுத் தடுமாற்றமும் அவரிடம் தோன்றின. உடலுக்குக் கேடு என்பதால் கின்னஸ் நூலார் இத்தகைய சாதனைகளை ஏற்பதையே பின்னர் நிறுத்திவிட்டனர்.

1997 இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு நம்மை மேலும் சிந்திக்க வைக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைகண் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறதாம். 24 மணி நேரமானால் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகும். ஆயுளில் ஒரு சொட்டு மதுவையும் தொடாத நம் சகோதரர் ஒருவர், இரவெல்லாம் கடையில் நின்றுவிட்டு விடியலில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினால், அறியாமலே குடித்தவரின் நிலையில் பாதையில் செல்கிறார். ஆலையில் இரட்டை முறை வேலை செய்துவிட்டு லோரி ஓட்டுபவரின் நிலையும் அதுவே.

மார்க்கம் காட்டும் நடுவழி

இரவு வணக்கத்தின் சிறப்பை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆயினும் இரவைப் போர்வையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் ஆக்கியதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகவே அல்லாஹ் திருமறையில் எடுத்துரைக்கிறான். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிய கடமைகள் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்கு உணர்த்தினார்கள். ஸைனப் (ரலி) அம்மையார் களைத்தால் பற்றிக்கொள்வதற்காகப் பள்ளிவாசலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிடச் செய்து, உற்சாகமுள்ளவரை தொழுது, சோர்ந்தால் ஓய்வெடுக்கும்படி பணித்தார்கள். வணக்கத்துக்கே இந்த அளவென்றால், வயிற்றுப் பிழைப்புக்கும் பரீட்சைக்கும் எல்லை இல்லாமற் போகுமா?

இரவு வேலை இனி நின்றுவிடப் போவதில்லை. ஆலையும் ஆஸ்பத்திரியும் யாரேனும் விழித்திருந்தால்தான் நடக்கும். நாம் கேட்பதெல்லாம், இரவில் பறிகொடுத்த உறக்கத்தைப் பகலில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே. இரவு முறை முடித்து வந்தவர் உறங்கும் அறையை இருட்டாக்கி, வீட்டார் சத்தம் செய்யாதிருப்பது அவருக்குச் சோறிடுவதற்குச் சமமான உபகாரம். கடை முதலாளிகள் ஆட்களை முறைவைத்து ஓய்வுக்கு அனுப்புவது தர்மம் மட்டுமன்று, கடமையுமாகும். கண் சொருகும் ஓட்டுநர் வண்டியை ஓரம் நிறுத்திச் சற்றுக் கண்ணயர்வது வெட்கமன்று. நண்பகல் உறக்கமாகிய கைலூலா நம் நபியின் வழிமுறை. மாணவர்கள் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் கைப்பேசியையும் ஒதுக்கி முன்னேரம் படுத்து, சுபுஹுக்கு முன் எழுந்து படிப்பார்களாயின், இப்னு சீனாவின் விளக்கும் அவர் கண்ட கனவும் இரண்டுமே அவர்களுக்குக் கிடைக்கும்.

கோலசிலாங்கூர் மலாவாத்திக் குன்றின்மேல் 1907 இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் இரவெல்லாம் விழித்திருப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. மனிதன் அவ்வாறு படைக்கப்படவில்லை. உறக்கமும் சிற்றுறக்கமும் அணுகாதவன் அல்லாஹ் ஒருவனே. அந்தத் தன்மையில் பங்கு கேட்பது அடியானுக்கு அழகன்று. அறிவில் விழிப்பையும், உடலுக்கு அளவான உறக்கத்தையும், உழைப்பில் பரக்கத்தையும் வல்ல நாயன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக. ஆமீன்.